காக்காவை நாங்கள் வேலை செய்ய விடுவதில்லை

பிள்ளைகள், போன கிழமை பெரியவன் தன்னுடைய முதற் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். பதவி, தரம், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் தொகை என்று எல்லாம் அச்சில் இருந்தது. "அப்பா, என்ர வேலைக்கு அட்டவணையில ஒரு பேர் இருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டான். நான் "ஓம், நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவனுடைய முகம் வாடிப்போனதை உங்கள் அம்மா பிறகுதான் சொன்னார்.

மகனே, உன்னில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்கு ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு ஒரு சம்பளமும் அச்சில் வருவது நல்ல காரியம்தான். எங்களுக்கும் ஒருமுறை அப்படி வந்தது. அப்போது நடந்ததை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் துறைமுகத்தில் வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று சின்னவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரையோடு வந்து அணைவதில்லை. குடாவின் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். அரிசியும் மாவும் சீனியும் கப்பலிலிருந்து வத்தையில் இறங்கிக் கரைக்கு வரும். தேயிலைப் பெட்டிகள் கரையிலிருந்து வத்தையில் போய்க் கப்பலில் ஏறும். வத்தை என்றால் அகன்ற வயிறுள்ள பாரப் படகு. அதற்கு இயந்திரம் கிடையாது, இழுவைப் படகொன்று கட்டி இழுத்துக்கொண்டு போகும். வத்தையை நடத்துகிறவனுக்குத் தண்டையல் என்று பெயர். நான் ஒரு வத்தைக்குத் தண்டையல். எனக்குக் கீழே மூட்டை தூக்குகிற ஆட்கள் இருந்தார்கள். சாம்பல்தீவு, கிண்ணியா, பட்டணம் என்று பல இடத்து ஆட்கள். அவர்களோடு காக்காவும் இருந்தார்.

வத்தை கம்பனிக்குச் சொந்தம். ஆனால் கம்பனி எங்களுக்கு ஆளுக்கு ஆள் சம்பளம் தராது. ஏற்றி இறக்கிய பாரத்துக்கு ஒரு கூலி உண்டு. அதைச் சனிக்கிழமையில் தண்டையலின் கையில் தருவார்கள். நான் சுங்கக் கிடங்குக்குப் பின்னால் வாகை மர நிழலில் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றை விரித்து, எல்லாரும் பார்த்திருக்கப் பங்கு பிரிப்பேன். தண்டையலுக்குக் கொஞ்சம் கூட, மற்ற எல்லாருக்கும் ஒரே அளவு. தன் பங்கை எவரும் அங்கேயே எண்ணிப் பார்க்க மாட்டார்கள். எண்ணினால் தண்டையலைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. வத்தையில் அடிபட்டவனுக்கு வத்தையிலேயே பங்கு. அவன் முன்னைப்போல் தூக்காவிட்டாலும் அவனைக் கரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

காக்கா அப்படி அடிபட்டவர். அவர் மூதூர் முஸ்லிம். காக்கா என்பது அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். தமிழ் ஆட்களாகிய நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஒருநாள் கப்பலின் பாரந்தூக்கியில் தொங்கிய அரிசி மூட்டைக் கட்டு காற்றில் ஆடி வந்து அவருடைய இடுப்பில் அடித்தது. ஆசுபத்திரியில் நெடுநாள் கிடந்தார். எழும்பி வந்தபோது ஒரு கால் மற்றக் காலைவிடக் கட்டையாகப் போயிருந்தது. இனி மூட்டை தூக்க ஏலாது. அவர் நேரே வத்தைக்கு வந்து பின்பக்கத்தில் உட்கார்ந்தார். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையும் அவருக்குப் பங்கு வைத்தேன்.

பின்பக்கத்தில் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். வத்தைக்குள் எப்போதும் தண்ணீர் கசியும். அதை வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி மூட்டை நனைந்துவிடும். கப்பலோடு கட்டியிருக்கிற கயிற்றை அலைக்குத் தக்கபடி விட்டும் இழுத்தும் பார்க்க வேண்டும். நடுவில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். எல்லாம் காக்காதான். அவருடைய வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. எங்கள் சாம்பல்தீவுக்காரன் ஒருவன் கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் மாவு மூட்டையோடு தடுமாறினான்.

"என்ன மாப்புள, அந்த மூட்டைய ஏன் அப்பிடிக் கட்டிப் புடிக்கிறாய்? அது உன்ட பொஞ்சாதி இல்ல. வெச்சிட்டு வா!"

"பொஞ்சாதி இவ்வளவு பாரமில்லை, காக்கா."

"கொஞ்சம் பொறு. ரெண்டு புள்ள பொறந்த பொறகு வந்து சொல்லு."

வத்தை முழுக்கச் சிரிப்பு. சிரித்தால் மூட்டையின் பாரம் குறையும் என்பது பொய். ஆனால் நேரம் போவது தெரியாது.

அப்போது எங்கள் தொழில் தேயத் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரரின் கடற்படை தளத்தை விட்டுப் போன பிறகு துறைமுகத்தில் பாதி உயிர் போய்விட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாமான் கப்பல்களும் கொழும்புக்கே போகத் தொடங்கின. சில கிழமைகளில் ஒரு கப்பலும் வராது. கப்பல் இல்லாவிட்டால் பாரம் இல்லை, பாரம் இல்லாவிட்டால் சாரத்தை விரிக்கவே வேண்டியதில்லை. உங்கள் அம்மா அந்தக் கிழமைகளில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தந்ததைப் பெரியவன் மறந்திருக்க மாட்டான்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் துறைமுகத் தொழிலாளரின் சம்பள அட்டவணையை மாற்றியது. முந்தியும் ஓர் அட்டவணை இருந்தது. ஆனால் வத்தைக்காரர் பங்குக்காரர் என்று எங்களை அதில் சேர்க்கவில்லை. புது அட்டவணையில் வத்தையும் வந்தது. வேலைக்கு வேலை ஒரு பெயர், பெயருக்குப் பெயர் ஒரு நாட்சம்பளம். கப்பல் வராத நாளிலும் வாசலுக்கு வந்து நின்றால் ஒரு குறைந்த தொகை உண்டு. கப்பல் இல்லாத நாளுக்கும் காசு என்பதை நாங்கள் கனவிலும் கண்டதில்லை.

அந்த அறிவித்தலைத் தேத்தண்ணிக் கடையில் வைத்து நான்தான் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். தண்டையல், மூட்டை தூக்குவோர், கட்டுக் கட்டுவோர், காவலாளி என்று ஒவ்வொரு பெயராக வரும்போது அந்தந்த ஆள் மேசையில் தட்டினான். கடைசியில் காக்கா கேட்டார்.

"நம்மட பேர் எங்க மனே வருது?"

நான் மேலிருந்து கீழே இன்னொருமுறை விரல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இறைக்கிறவர் என்றோ கயிறு பார்க்கிறவர் என்றோ அதில் இல்லை.

"இது பொதுவா எழுதினது காக்கா. தொழிற் கந்தோரிலயிருந்து ஒரு ஐயா வந்து வத்தை வத்தையாப் பாத்துத்தான் ஆருக்கு எந்தத் தரம் எண்டு போடுவாராம்."

"பாத்தாச் சரி. என்னப் பாக்காம வத்தையப் பாக்க ஏலாது. பின்னுக்கு இவ்வளவு பெரிசா இரிக்கன்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்குள் விஷயம் விளங்கியிருந்தது. புது அட்டவணை வந்தால் பங்கு என்று ஒன்று இருக்காது. கம்பனி அவரவர் பெயருக்கு அவரவர் கையில் தரும். பெயர் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. மூதூரில் அவருக்கு மனைவியும் கலியாணம் ஆகாத இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். சனிக்கிழமை மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகிற லோஞ்சுப் படகில் அவர் கொண்டுபோகிற அரிசியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

தொழிற் கந்தோர் ஐயா, அந்த அரசாங்க அலுவலகத்து உத்தியோகத்தர், வருகிற நாளை முதலே சொல்லி அனுப்பினார்கள். அன்று நாங்கள் எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தோம். தோய்த்த சேட்டு, எண்ணெய் வைத்த தலை. காக்கா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்தார். அவர் வழக்கம்போல் வாளியை எடுக்கப் போனபோது சாம்பல்தீவுக்காரன் அதைப் பறித்துக்கொண்டான்.

"இண்டைக்கும் நீங்களோ? வெள்ளைச் சாரம் ஊத்தையாகும். தாங்கோ."

இன்னொருவன் தேத்தண்ணிக் கடைக்கு ஓடிப்போய் ஒரு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அதை வத்தையின் பின்பக்கத்தில் போட்டுக் காக்காவை இருக்கச் சொன்னோம். பெரிய மனிதர் பார்க்க வரும்போது எங்களுக்குள் வயதில் மூத்தவர் பலகையில் குந்தியிருக்கக் கூடாது என்று எங்களுக்குத் தோன்றியது. அது என்னுடைய யோசனையா மற்றவர்களுடையதா என்று இப்போது ஞாபகமில்லை. நான் தடுக்கவில்லை. காக்கா கதிரையில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இருந்தார்.

"சுன்னத்துக் கலியாணத்துப் புள்ளய இருத்தின மாதிரி இருத்திப் போட்டீங்க" என்றார்.

ஐயா தமிழர், யாழ்ப்பாணத்துப் பக்கம். அமைதியான மனிதர். கம்பனிக் கிளாக்கரும் அவரோடு வத்தைக்குள் இறங்கினார். ஐயா ஒவ்வொருவரிடமும் போய், "நீர் என்ன வேலை செய்யிறனீர்?" என்று கேட்டு எழுதினார். எழுத்து வாசனை உள்ளவன் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார். கடைசியில் கதிரைக்கு முன்னால் வந்தார்.

"ஐயா என்ன வேலை?"

காக்கா எழும்பப் பார்த்தார். "நான் தண்ணி..." என்று தொடங்கினார்.

நான் இடையில் புகுந்தேன். "அவர் எங்கட மூத்தவர், ஐயா. அவர் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. அவரை நாங்கள் வேலை செய்ய விடுறதில்லை. ஆனா எங்களுக்குள்ள பங்கு அவருக்கும் உண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வத்தையில் தண்ணீர் இறைப்பது புதிதாக வருகிறவனுக்குக் கொடுக்கிற வேலை. தாடி நரைத்த ஒரு மனிதர் அரசாங்க உத்தியோகத்தருக்கும் கிளாக்கருக்கும் முன்னால் "நான் தண்ணி இறைக்கிறவன்" என்று தன் வாயால் சொல்வது எங்கள் எல்லாருக்கும் வெட்கம் என்று நினைத்தேன். நாங்கள் அவரை எப்படி வைத்திருக்கிறோம் என்று அந்த ஐயா அறிய வேண்டும் என்றும் நினைத்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. அந்த ஐயா என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல விஷயம். இப்பிடி ஒரு தண்டையலை நான் காணேல்ல" என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சொல்லுக்காகவே வாயைத் திறந்தேனோ என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன்.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. குனிந்து வத்தையின் அடியைப் பார்த்தார்.

"அப்ப தண்ணி இறைக்கிறது ஆர்?"

சாம்பல்தீவுக்காரன் வாளியைத் தூக்கிக் காட்டினான். நான் சொன்னேன், "எல்லாரும் மாறி மாறி இறைப்பம், ஐயா."

எல்லாரும் தலையாட்டினார்கள். எவரும் பொய் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. ஒரு மனிதரைப் பெருமைப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்தோம். ஐயா எழுதிக்கொண்டு போனார். காக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சில கிழமைகள் கழித்துப் புது அட்டைகள் வந்தன. வாசலில் காட்டினால்தான் துறைமுகத்துக்குள் போகலாம். அதில் வேலையின் பெயரும் தரமும் இருக்கும். என் அட்டையில் தண்டையல், மேல் தரம் என்று இருந்தது. எங்கள் வத்தையில் காக்காவைத் தவிர எல்லாருக்கும் அட்டை வந்தது.

அன்று காலை அவர் வாசலுக்கு வந்தபோது காவலாளிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரை வருடக்கணக்காகத் தெரிந்தவன்.

"காக்கா, அட்டை இல்லாட்டி விட ஏலாதாம். எனக்கும் மேல ஆள் இருக்கு."

"நான் வேலைக்கு வரல்ல மனே. இவனுகள் வேலை செய்றானுகளா எண்டு பாக்க வந்த" என்றார்.

காவலாளி சிரித்தான், ஆனால் வாசலை மறிக்கிற கம்பை உயர்த்தவில்லை. நாங்கள் உள்ளே போனோம். அவர் வெளியே நின்றார். வத்தையிலிருந்து திரும்பிப் பார்த்தால் வாசல் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் கிளாக்கரிடம் போனேன். "நீர்தானே அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னனீர், அவர் ஒரு வேலையும் செய்யிறதில்லை எண்டு? நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

அடுத்தநாள் தொழிற் கந்தோருக்குப் போனேன். அதே ஐயா இருந்தார். கதிரை தந்தார். நான் இருக்கவில்லை.

"ஐயா, நான் அண்டைக்குச் சொன்னது சரியில்லை. காக்கா தண்ணி இறைக்கிறவர், கயிறு பாக்கிறவர். காலையிலயிருந்து பின்னேரம் வரைக்கும் வேலைதான்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"மரியாதைக்குச் சொன்னனான், ஐயா."

அவர் பேனையை மேசையில் வைத்தார். கோபம் இல்லை. களைப்பாகத்தான் இருந்தார்.

"அவருக்கு ஒரு இடம் போடலாம். வத்தை உதவியாள் எண்டு ஒரு தரம் இருக்கு. ஆனா நீர் சொன்னது ஒண்டு பிழையெண்டால் மிச்சமும் சரியோ எண்டு நான் பாக்க வேணும். முழு வத்தையையும் திரும்பப் பாக்க வேணும். அது முடியும் மட்டும் உங்கட வத்தைக்குப் புதுச் சம்பளம் நிக்கும். பழைய பங்கும் இனி இல்லை. எவ்வளவு காலம் எடுக்குமெண்டு என்னால சொல்ல ஏலாது. சம்மதமோ?"

"எங்கட ஆக்களைக் கேட்டுச் சொல்லுறன், ஐயா."

"கேட்டிட்டு வாரும். நான் இஞ்சதான் இருப்பன்."

அவர் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். இதை நீங்கள் மறக்கக் கூடாது. பிற்காலத்தில், காக்காவை வெளியே விட்டது அரசாங்கம் செய்த வேலை, கம்பனி செய்த வேலை என்று ஆட்கள் கதைத்ததை நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாகை மரத்தின் கீழ் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். சாம்பல்தீவுக்காரன் நிலத்தைப் பார்த்தான். அவனுடைய மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

"அண்ணை, எனக்கு இந்த மாசம் ஒண்டும் வராட்டி..." என்றான். முடிக்கவில்லை.

கிண்ணியாக்காரர் ஒருவர் கேட்டார், "காக்காவுக்கு இது தெரியுமா?"

"இன்னும் சொல்லேல்ல."

"அப்ப இப்ப சொல்லாதீங்க."

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் நான் தண்டையல். "நாளைக்கு நான் போய்ச் சம்மதம் எண்டு சொல்லப்போறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. "யோசிப்பம்" என்றேன். பிள்ளைகள், "யோசிப்பம்" என்று சொல்லுகிற மனிதனை நம்பாதீர்கள், அது உங்கள் அப்பாவாக இருந்தாலும். நான் அந்தக் கந்தோர்ப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

புதுச் சம்பளம் நிலுவையோடு வந்தது. எங்கள் வீட்டில் இருக்கிற கண்ணாடி வைத்த அலுமாரி அதில் வாங்கியது. நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அதன் முன் நின்று தலை சீவுவீர்கள். அப்போதெல்லாம் நான் முற்றத்துக்குப் போய்விடுவேன்.

முதற் சம்பளம் எடுத்த அன்று எங்களுக்குள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். எல்லாம் சேர்த்தால் பழைய பங்கைவிடக் கூடத்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் காக்கா இருந்தார். அந்த நாட்களில் பகல் முழுக்க அங்கேதான் இருப்பார், நாங்கள் போகும்போதும் வரும்போதும் ஏதாவது பகிடி சொல்லுவார். நான் காசை ஒரு கடதாசியில் சுற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன மனே இது?"

"உங்கட பங்கு, காக்கா."

"சாரம் விரிச்சியா?"

நான் கடதாசியின் மடிப்பை விரலால் தேய்த்தேன்.

"பங்கு எண்டா சாரம் விரிச்சு வை, நான் வந்து எடுக்கன். இது ஆளுக்காள் போட்ட காசு. இத ஸதக்கா எண்டு சொல்ற, தருமம். ஸதக்கா குடுக்கிறெண்டா பள்ளிவாசலுக்குப் போ, அங்க என்ன விடக் கஷ்டப்பட்டவன் இரிக்கான்."

"காக்கா, வீட்டில பிள்ளைகள்..."

"என்ட புள்ளைகள எனக்குத் தெரியும்."

அவர் கடதாசியை என் பக்கம் தள்ளினார். பிறகு நான் சங்கடப்படுகிறேன் என்று கண்டு, எனக்கும் ஒரு தேத்தண்ணி போடச் சொல்லி, அதற்குத் தானே காசு கொடுத்தார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். குடித்து முடித்துத்தான் எழும்பினேன்.

அதற்குப் பின் ஓரிரு கிழமைகள் வந்தார். ஒரு சனிக்கிழமை லோஞ்சில் போனவர் திங்கட்கிழமை திரும்பி வரவில்லை.

நான் அவரைப் பார்க்க மூதூருக்குப் போக எனக்குப் பல மாதம் பிடித்தது. சீனியும் தேயிலையும் அவருடைய பெண்பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் வாங்கி, பொட்டலமாகச் சணல் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வயல் பக்கமாகப் போகிற ஒரு ஒழுங்கையில் கிடுகு வேலி போட்ட வீடு. காக்கா முற்றத்தில் இருந்து யாருடையதோ கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கூலிக்கு வலை பொத்துகிறார் என்று பார்த்ததும் விளங்கியது. உடம்பு பாதியாகிப் போயிருந்தது. வாய் அப்படியே இருந்தது.

"அடியே, தண்டையல் வந்திரிக்கார்! கோழி எல்லாத்தையும் புடிச்சுக் கட்டு, இல்லாட்டி வத்தையில ஏத்திருவார்!"

உள்ளே அவருடைய மனைவி சிரித்தது கேட்டது. கருப்பட்டியோடு தேத்தண்ணி வந்தது. ஒவ்வொருவராக எல்லாருடைய சுகமும் விசாரித்தார். சாம்பல்தீவுக்காரனுக்கு ஆண் பிள்ளை என்றேன். "பாத்தியா, இப்ப பொஞ்சாதி பாரம் விளங்கும்" என்றார்.

"வத்தை ஓடுதா?"

"கிழமையில ஒரு நாள் ஓடினாப் பெரிய காரியம், காக்கா. மிச்ச நாள் வாசல்ல நிண்டுபோட்டு வாறம். ரெண்டு வத்தையைக் கரையில இழுத்துப் போட்டாங்கள்."

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம். நல்லாத்தான் இரிக்கி."

பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "நீ ஒண்டும் மனசில வெச்சுக்காத மனே. கவுமேந்துக் கடதாசியில பேர் இல்லாட்டி நீ என்ன செய்வாய்? நீ போய்க் கேட்டிரிப்பாய் எண்டு எனக்குத் தெரியும்."

"கேட்டனான், காக்கா."

"என்ன சொன்னாங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாதெண்டு சொல்லிப்போட்டாங்கள்" என்றேன்.

"அதான் சொன்னன்" என்றார். மறுபடி வலையைப் பொத்தத் தொடங்கினார். அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. தன்னுடைய ஆட்கள் தனக்காகப் போய்க் கேட்டார்கள், அரசாங்கம்தான் மறுத்தது என்ற ஆறுதல். அதை நான் கொடுத்தேன். வேறொன்றையும் அவரிடம் கொடுக்க எனக்கு அருகதை இல்லை என்று பட்டது. பொட்டலத்தை எடுக்காமல் என் காலடியிலேயே வைத்திருந்தேன். புறப்படும்போது அதையும் தூக்கிக்கொண்டே எழும்பினேன். அவர் பார்த்தார். கேட்கவில்லை.

லோஞ்சடி வரைக்கும் நடந்தேன். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டேன். பிறகு காலை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அந்த ஐயா என்ன சொன்னார், மரத்தின் கீழ் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், பிறகு அவர் என்னை என்ன சொன்னாலும் சரி என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லி நடந்தேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. பின்னேரத்து அசர் தொழுகை நேரம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. வேலிப் படலைக்கு மேலால் பார்த்தேன். முற்றத்தில் வலை சுருட்டி வைத்திருந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொழுகிறாராக இருக்கும். கொஞ்ச நேரம் நின்றிருந்தால் வெளியே வந்திருப்பார்.

கூப்பிடுவதற்குப் படலையைப் பிடித்தேன்.

படலை ஒரு பக்கம் சரிந்து நின்றது. மேற்கட்டு உக்கி அறுந்து, கீழ்க்கட்டில் மட்டும் தொங்கியது. பொட்டலத்தின் சணல் கயிற்றை அவிழ்த்தேன். படலையை நிமிர்த்தி, சத்தம் வராமல் வேலிக் கதியால் மரத்தோடு சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒருதரம் திறந்து மூடிப் பார்த்தேன். நிலத்தில் உரசாமல் வந்தது. கட்டு அவிழ்ந்த பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசி லோஞ்சைப் பிடிக்க நடந்தேன்.